இல்லை என்று சொல்லக் கூடாத நாள்

ரிசார்ட் தீவுகளில் தட்டு கழுவுகிறவர் முதல் படுக்கை விரிக்கிறவர் வரை எல்லோரும் ஒருநாள் விருந்தோம்பல் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று தலைநகர் மாலேயில் ஓர் ஆணையம் தீர்மானித்தது. ஆணையத்தின் முழுப்பெயர் நீளமானது. சொல்லி முடிப்பதற்குள் அதன் தலைவர் மாறிவிடுவார் என்பதால் நாங்கள் ஆணையம் என்று மட்டும் சொல்வோம். விருந்தினர்கள் ஒருவரும் புகார் கொடுத்ததில்லை என்பதுதான் அவர்களைக் கவலைப்பட வைத்ததாம். புகார் கொடுக்கக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு வெள்ளைக்காரர்கள் மனம் நொந்து போயிருக்கிறார்கள் என்று ஆணையம் ஆராய்ந்து கண்டுபிடித்தது.

பக்கத்துத் தீவு ரிசார்ட்டில் பல வருடமாக மணல் பெருக்கிக்கொண்டிருந்தவன் நான். பெயர் மூஸா. பயிற்சி இல்லாமல் இத்தனை காலம் பெருக்கியது செல்லாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் துடைப்பத்தைத் திரும்பப் பெறுவதற்காக நானும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

எங்கள் தெரு வஃபியாவும் கொடுத்திருந்தாள். அவள் புருஷன் ஆதிஃப் மாலேக்கு உத்தியோகம் தேடிப் போய், உத்தியோகம் கிடைத்ததும் தலாக் சொல்லி அனுப்பியவன். பள்ளிக்கூடம் போகும் மகளை வைத்துக்கொண்டு அவள் தனியாக இருந்தாள்.

“இந்த ரிசார்ட் வேலை கிடைச்சா சாயங்காலப் படகுல வீட்டுக்கு வந்துருவேன் மூஸா அண்ணே,” என்றாள். “கிடைக்கலேன்னா மகளை எங்கம்மாகிட்ட விட்டுட்டு மாலேக்குத்தான் போகணும். அந்த ஊர்ல மூச்சு விடவும் வாடகை கேப்பாங்க.”

பயிற்சி நாளன்று எல்லோரும் புது ஷூ மாட்டிக்கொண்டு அந்த ரிசார்ட்டில் போய் இறங்கினோம். கால் கடித்தாலும் கம்பீரமாக நடந்தோம். படகுத்துறையில் யூர்கன் என்ற வெளிநாட்டு ஆலோசகர் நின்றிருந்தார். வெறுங்காலுடன் இருந்தார். எங்கள் கால்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“தயவுசெஞ்சு கழட்டிருங்க. இங்க வர்றவங்க தீவு மக்களைப் பாக்கத்தான் காசு குடுத்து வர்றாங்க. நீங்க தீவு மக்கள் மாதிரி இருக்கணும்.”

“நாங்க தீவு மக்கள்தானே?” என்று கேட்டேன்.

“இருக்கலாம். ஆனா தெரியலையே,” என்றார்.

ஆக, காலை முழுவதும் நாங்கள் தீவு மக்களாக ஆவதற்குப் பயின்றோம். விருந்தினரை விருந்தினர் என்று சொல்லக் கூடாது, பயணத் தோழர் என்று சொல்ல வேண்டும். படுக்கை என்பது ஓய்வுத் தளம். மணலைச் சுத்தமாகப் பெருக்கியபின், இயற்கையாகத் தெரிவதற்காக நாலு இலையைத் தூவ வேண்டும். அந்த இலைகளை முந்தின நாளே பெருக்கி எடுத்துக் கழுவி வைத்திருந்தார்கள்.

கடைசியாக யூர்கன் குரலைத் தாழ்த்தி, முதன்மை விதியைச் சொன்னார்.

“ஒரு வார்த்தை மட்டும் இந்தத் தீவுல யார் வாயிலயும் வரக் கூடாது. இல்லைங்கற வார்த்தை. அது பயணத் தோழரோட மனசைக் காயப்படுத்தும்.”

“கடல்ல சுறா இருக்கான்னு பயந்து கேட்டா?” என்றேன். “பயப்படாதீங்க, இல்லைன்னு சொன்னா என்ன தப்பு?”

“சுறாவும் உங்களைப் பாக்க ஆவலா இருக்குன்னு சொல்லுங்க.”

மத்தியானம் தேர்வு. தேர்வுக்கு உண்மையான விருந்தினரைத் தர ரிசார்ட் மேனேஜர் மறுத்துவிட்டார். அதனால் ஆணையமே பெருந்தன்மையுடன் ஓர் அதிகாரியைப் பயிற்சி விருந்தினராக அனுப்பியது. அதிகாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் உத்தரவு இருந்தது. எதிலும் திருப்தி அடையக் கூடாது.

விரைவுப் படகில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கியவன் ஆதிஃப்.

நான் வஃபியாவைப் பார்த்தேன். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, “திருப்தியே படாத ஆளா நடிக்கணுமாம். இவனுக்கு எதுக்கு நடிப்பு,” என்றாள்.

கடலுக்கு மேல் கட்டிய அறையில் அவன் படுத்துக்கொண்டான். நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போனோம். மற்றவர்கள் கதவோரம் நின்று பார்க்கலாம். என் முறை வந்தபோது, “ஓய்வுத் தளத்துல மணல் இருக்கு,” என்றான். நான் தடவிப் பார்த்தேன். பல வருடம் மணலோடு பழகியவன், வாய் தானாக “இல்லையே” என்றுவிட்டது. யூர்கன் கண்ணை மூடிக்கொண்டார். மணல் பெருக்கத் தகுதியற்றவன் ஆனேன்.

வஃபியா கருதியா என்கிற எங்கள் ஊர் மீன் சாறும் ரொட்டியும் வைத்த தட்டோடு போனாள். அவளைக் கண்டதும் ஆதிஃப் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டான்.

“கருதியா ஆறிப்போயிருக்கு,” என்றான்.

“நிதானமா இருக்கு சார்.”

“எலுமிச்சம்பழம் எங்க? இல்லையா?”

“மரத்துல பழுத்துக்கிட்டிருக்கு சார். உங்க ஞாபகமாவே இருக்கு.”

யூர்கனுக்கு முகம் மலர்ந்தது. ஆதிஃப் கொஞ்சம் கருதியா குடித்தான். பிறகு இன்னும் கொஞ்சம் குடித்தான். உத்தரவையும் மீறி அவன் முகத்தில் திருப்தி தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மகள் நல்லா இருக்காளா?”

“படிக்கிறா சார். பயணத் தோழரைப் பத்தி அவ்வளவா விசாரிக்கறது கிடையாது சார்.”

'கிடையாது' பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் யூர்கன் அதை அனுமதித்தார்.

“மாலேல தனியாச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு வஃபியா,” என்றான் ஆதிஃப். “நடந்தது நடந்துபோச்சு. மறுபடி நிக்காஹ் பண்ணிக்கலாம். என்ன சொல்ற?”

தரையில் பதித்த கண்ணாடிக்குக் கீழே மீன்கள்கூட நின்று கேட்பது போலிருந்தது. யூர்கன் பதறிப்போய் அவளையே பார்த்தார். இல்லை என்றால் வேலை போகும். சரி என்றால் வாழ்க்கை போகும்.

எங்கள் தீவின் படகுத்துறை இடிந்து விழுந்த நாளிலிருந்து அதைப் பற்றி மாலேயிலிருந்து வரும் பதில்களைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கையிலிருந்த ரொட்டித் தட்டை மேசையில் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

“தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. அது உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு, தக்க நேரத்தில் தக்க முடிவு தங்களுக்குத் தெரிவிக்கப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி.”

ஆதிஃப் யோசித்தான்.

“எப்போ தெரியும்?”

“சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது சார்.”

“எந்தப் பிரிவு?”

“அது இப்போ மறுசீரமைப்புல இருக்கு சார்.”

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதே பதிலை ஊர் ஜனங்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் அவன். அவனுக்குச் சொன்ன ஆள் இதுவரை கிடையாது. முகத்தில் நிம்மதி படர்ந்தது. “அப்படின்னா வாய்ப்பிருக்கு,” என்று சொல்லி, ரொட்டியைக் கருதியாவில் நனைத்தான்.

யூர்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகம் முழுக்க விருந்தோம்பல் கற்பித்திருக்கிறாராம், இப்படி ஒரு மறுப்பைக் கேட்டதில்லையாம். மறுக்கப்பட்டவர் பசியோடு சாப்பிடுகிறாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வஃபியா முதலாவதாகத் தேறினாள். ஆகவே ரிசார்ட்டில் அவளுக்கு வேலை தரவில்லை. இத்தகைய திறமையை விருந்தினர்களிடம் வீணடிக்கலாகாது என்று யூர்கன் எழுதிய அறிக்கையைப் பார்த்து ஆணையமே அவளை எடுத்துக்கொண்டது. மனுதாரர் ஆறுதல் பிரிவு என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி அவளைத் தலைமையில் உட்கார வைத்தார்கள். மாலேயில் வீடும் கொடுத்தார்கள். மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அடுத்த நாற்காலியில்தான் ஆதிஃப். “மேடம், அந்த நிக்காஹ் விஷயம்” என்று மாதத்துக்கொரு முறை நினைவூட்டுகிறானாம். அவளும் சலிக்காமல் பதில் சொல்கிறாளாம்.

பயிற்சியில் தோற்றதற்கு மறுதேர்வு கேட்டு நான் அவளிடம் போனேன். கறுப்புத் தேநீரும் மீன் பணியாரமும் வரவழைத்துக் கொடுத்தாள். என் முதுகுவலியை விசாரித்தாள். என் மனு மேல்மட்டத்தின் பார்வையில் இருப்பதாகச் சொன்னாள். மேல்மட்டம் என் மனுவைப் பார்க்கிறது என்று நினைக்கவே நெஞ்சு நிறைந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் படகில் பாடிக்கொண்டு வந்தேன்.

இதைக் கேட்டு ஊரில் மற்றவர்களும் கிளம்பினார்கள். முன்பெல்லாம் மாலேக்கு மனுவோடு போனவன் வாய் நிறைய வசவோடு திரும்புவான். இப்போது புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள், கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் போல வருகிறார்கள். ஒருவருக்கும் ஒரு காரியமும் நடந்தபாடில்லை. ஆனால் ஆணையத்தைக் குறை சொல்லி எங்கள் தீவில் யாராவது பேசினால் நாங்களே சண்டைக்குப் போகிறோம்.

மாலேக்கு இருக்கிற ஒரு படகில் இடம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. இன்னொரு படகு விடச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. வஃபியா அத்தனை அன்பாகச் சொன்னாள்.