இதயத்துக்குள் டவுன் பஸ் விட்டேன்

கம்ப்யூட்டரில் படத்தை நகர வைக்கக் கற்றுக்கொண்ட ஆசிரியரைவிட ஆபத்தானவர் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வந்த வருடம், அந்த ஆபத்து நானாக இருந்தேன்.

பத்தாம் வகுப்பில் சத்யா என்றொரு பெண். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அரையாண்டில் அறிவியலில் பெயில். முழுப் பரீட்சையிலும் போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா என்னிடமே சொல்லியிருந்தார். அவளுக்குப் பிடிபடாத பாடம் இதய ரத்த ஓட்டம். அதை அவள் மண்டையில் ஏற்றாமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்தேன். (பாவம் அந்தப் பெண்.)

வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு படம் தயாரித்தேன். உடம்பு வேப்பந்தட்டை. இதயம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு. நுரையீரல் அரியலூர். ரத்தம் டவுன் பஸ். நீல பஸ் பெரம்பலூர் வழியாக அரியலூர் போய், பிராணவாயு ஏற்றிக்கொண்டு சிவப்பாகத் திரும்பும். ஹாரன் உண்டு, கண்டக்டர் விசில் உண்டு, பின்னணியில் நாதஸ்வரமும் உண்டு. கீழே விளக்கம் எழுத்தாக ஓடும். அதையே என் குரலும் படிக்கும். போதாதென்று, வகுப்பில் படத்தைப் போட்டபோது பக்கத்தில் நின்று நானும் பேசினேன்.

முடிந்ததும் வகுப்பில் பெரிய விவாதம். அந்த பஸ் அரியலூர் போகாது, பெரம்பலூரில் இறங்கி மாற வேண்டும் என்று ஒரு கட்சி. அரியலூரில் சிமெண்ட் ஆலைத் தூசிதான் ஏறும், பிராணவாயு எங்கிருந்து ஏறும் என்று இன்னொரு கட்சி. நுரையீரலிலிருந்து ரத்தம் எங்கே வருகிறது என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

சத்யா மட்டும் தலை குனிந்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"எழுத்தப் படிச்சா பஸ்ஸு போயிடுதுங்க சார். பஸ்ஸப் பாத்தா நீங்க சொல்றது காதுல வுழல. முன்னாடி கொஞ்சமாச்சும் தெரிஞ்சுது. இப்ப அதுவும் கொழம்பிப் போச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். அவளிடம் இருந்த கொஞ்சத்தையும் நாதஸ்வரம் வாசித்துப் பிடுங்கியிருந்தேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

மறுநாள் கரும்பலகையில் இதயத்தை மட்டும் வரைந்தேன். ஓர் அம்புக்குறி போடுவேன், அதைப் பற்றி மட்டும் பேசுவேன். சத்யா திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தது. முழுப் பரீட்சையில் அவள் தேறினாள்.

எங்கள் மகளும் அதே வகுப்பில் இருந்தது என் போதாத காலம். படம் போட்ட அன்று மாலையே சங்கதி வீடு வந்து சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் நான் டிவியைப் பார்த்துக்கொண்டே, போனைத் தடவிக்கொண்டே வீட்டில் யாருக்காவது எதையாவது விளக்க ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"ஒவ்வொரு பஸ்ஸா வுடுங்க."