ஒரே கோப்பு, மூன்று கை

"சாயங்காலத்துக்குள்ள அத்தையை ஒழிச்சுக் கட்டணும்," என்றாள் மனைவி.

குறுக்குவழி பதறிப்போய் அறைக் கதவைச் சாத்தினார். எந்த வேலைக்கும் நாலே வரியில் புரோகிராம் எழுதித் தள்ளுவதால் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அது. அத்தை, அதாவது அவருடைய அப்பாவின் தங்கை, ஹால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்; வழக்கமான சீட்டாட்டமாகத்தான் இருக்கும்.

"மெதுவாப் பேசு! என்ன விஷயம்?"

"என் நாவல்லேருந்துங்க! டீத்தூளை ரெண்டு தடவை கொதிக்க வைக்கிற கஞ்ச அத்தைன்னு எழுதித் தொலைச்சுட்டேன். புஸ்தகமா வந்தா அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அத்தைன்னு வர்ற இடத்துல எல்லாம் பக்கத்து வீட்டம்மான்னு மாத்தணும். அஞ்சு மணிக்குள்ள பதிப்பகத்துக்குப் போகணும்."

"அவ்வளவுதானே? தள்ளு."

"நானே ஒவ்வொண்ணா மாத்திடட்டுமா?"

"அதெல்லாம் விவரம் தெரியாதவங்க பண்றது."

சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் நடுவே கிடைத்த நேரத்தில் அவள் எழுதிய முதல் நாவல் அது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. குறுக்குவழியின் புரோகிராம் அந்த ஒரே கோப்பை இரண்டு முறை திறந்தது. ஒரு கை படிக்க, இன்னொரு கை எழுத.

எழுதுவதற்கென்று திறந்தால் கம்ப்யூட்டர் முதலில் கோப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடும். அவசரத்தில் ஐயா அதை மறந்துவிட்டார். படிக்கப் போன கை பேந்தப் பேந்த விழித்தது.

"அத்தை போயிட்டாங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"போயிட்டாங்க," என்றார். கதாநாயகனும் கதாநாயகியும் முன்னுரையும் கூடவே போயிருந்தார்கள்.

நல்லவேளை, மேசை இழுப்பறையில் அவளுடைய பென் டிரைவ் இருந்தது. அதில் நாவலின் இன்னொரு பிரதி, இருப்பது இனி அது ஒன்றுதான். அதற்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஆரம்பித்திருக்கலாம். அப்படிச் செய்தால் அவர் எப்படிக் குறுக்குவழி ஆவார்?

இந்த முறை துடைக்காதே, எழுதுவதையெல்லாம் கோப்பின் கடைசியில் சேர் என்று கட்டளை போட்டார். படிக்கும் கை படித்த ஒவ்வொரு வரியையும் எழுதும் கை திருத்திக் கடைசியில் சேர்த்தது. படிக்கும் கை முடிவுக்கு வந்து பார்த்தால், அங்கே புது வரிகள். அதையும் படித்தது. எழுதும் கை அதையும் கடைசியில் சேர்த்தது.

"முடிஞ்சுதாங்க?"

"கதை கொஞ்சம் நீளமாப் போகுதும்மா."

"நான் அளவாத்தானே எழுதியிருக்கேன்!"

கதாநாயகிக்கு நூறாவது தடவையாகக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பென் டிரைவ் நிரம்பி வழியும் நிலைக்கு வந்ததும் குறுக்குவழி அதை வெடுக்கென்று பிடுங்கினார். திரும்பச் செருகினால் அது திறக்கவே மாட்டேன் என்றது.

மனைவி டீயோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். டீயை மேசையில் வைத்தாள்.

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. சத்தமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு முட்டாள். ராத்திரி பகலா உக்காந்து நானே டைப் பண்றேன், நீ சொல்லு."

"எனக்கென்ன மனப்பாடமா இருக்கு?"

கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"உன் கதையைக் காலையிலேயே ஹால் கம்ப்யூட்டர்ல திறந்துட்டேம்மா. சீட்டை அப்பவே மூடியாச்சு. இப்பத்தான் முழுசாப் படிச்சு முடிச்சேன்."

இருவரும் ஹால் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அத்தை திறந்தபோது கோப்பு முழுதாக இருந்திருக்கிறது. அந்தத் திரையில் நாவல் அப்படியே இருக்கும். ஆனால் படித்தது அத்தை!

"அத்தை, அது வந்து... சும்மா கற்பனை..."

"கற்பனைன்னாலும் ஒரு நியாயம் வேண்டாமா? டீத்தூளை ரெண்டே தடவையோட தூக்கிப் போடுற ஊதாரியா நான்? எல்லா இடத்துலயும் நாலு தடவைன்னு திருத்தி, சேவ் பண்ணிட்டேன்!"