தண்ணீருக்குள் நின்ற குழாயும் முப்பத்திரண்டு வருடப் பௌதிகமும்

அன்பு மைத்துனனுக்கு,

நலம். நீ நலமாக இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி என்று இதுவரை ஒப்புக்கு எழுதிவந்தேன். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

வாசலில் உள்ள தரையடித் தொட்டிக்குள், பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக ஒரு பழைய ஜி.ஐ. பைப், உச்சியில் துருப்பிடித்த மூடியோடு, புது மோட்டாருக்கு வழிவிடாமல் நின்றது. போன விடுமுறையில் நீ விட்டுப்போன, தீயால் இரும்பறுக்கும் கேஸ் கட்டரோ மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் பௌதிகம் நடத்தியவன் நான். தண்ணீர் மட்டத்தை ஒட்டி அறுத்தால் தீப்பிடிக்க வாய்ப்பே இல்லை, இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன என்று முடிவுகட்டினேன். இருந்தாலும் வெல்டிங் தொழில் தெரிந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று, தொட்டியில் காலே வைக்காமல், உனக்குப் போன் செய்தேன்.

"அத்தான், குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?" என்றாய். சிக்னல் கோளாறு என்றேன். விஷயத்தைச் சொன்னதும் நீ போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். "மூடி போட்ட பைப்புக்குள்ள தண்ணி! சூடு ஏத்தினா நீராவி எங்க போகும்? வெடிச்சுடும். மேல பூசின துத்தநாகம் எரிஞ்சு வெள்ளைப் புகை வரும். குழிக்குள்ள நின்னு அதை இழுத்தா சாயங்காலமே குளிர்ஜுரம். பட்டறையில நாங்களே தண்ணியை இறைச்சு, மூடியைக் கழட்டி, பூச்சைத் தேய்ச்செடுத்து, காத்தோட்டம் பாத்துத்தான் பத்தவைப்போம். உங்களுக்கு எதுக்கு நெருப்பு? ரம்பத்தால அறுங்க!"

அப்படியே செய்தேன். உன் அக்கா விளக்குப் பிடிக்க, மூன்று பிளேடு ஒடிய, தோள்பட்டை கழன்றுபோக, குழாய் விழுந்தது. நீராவியின் அழுத்தத்தை வருடந்தவறாமல் பாடம் நடத்தியவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. பௌதிகத்தில் இரண்டு முறை கோட்டைவிட்ட உனக்கு வந்தது. உன்னை உருப்படாதவன் என்று உறவுக்காரர்கள் எதிரில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ரொம்ப நன்றிடா.

உன் கையும் கண்ணும் நுரையீரலும் நூறு வருடம் பழுதில்லாமல் உழைக்கட்டும்.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: இது உனக்கு மட்டும். என் குரலைப் பற்றி நீ கேட்டது சரிதான். தொட்டிக்குள்தான் நின்றேன், முழங்கால் தண்ணீரில். உன் கட்டரும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டதால் குழாய் அறுபடவில்லை. எந்தத் திருகைத் திறந்தால் தீ கூடும் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். வெள்ளைப் புகையும் வந்தது, சாயங்காலம் குளிர்ஜுரமும் வந்தது. மழையில் நனைந்தேன் என்று உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம். அதற்காகத்தான் கவரை இரண்டு தடவை ஒட்டுகிறேன்.

தம்பி, இது அக்கா. கவரைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். எனக்கும் கொஞ்சம் பௌதிகம் தெரியும். அன்றைக்கு மழையே இல்லை. அவர் நடுங்கியதுமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இப்போது நன்றாக இருக்கிறார். உன் கட்டர் என் பீரோவில் பூட்டியிருக்கிறது, வந்து எடுத்துப் போ. நீ அன்றைக்குப் போனை எடுத்தாயே, அது போதும் எனக்கு. நான் படித்ததை அவரிடம் சொல்லிவிடாதே. பாவம், மறைக்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறார்.