விற்றவனே நம்பாத மாத்திரை

மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி நோயாளியானால், அவனைவிட மட்டமான நோயாளி உலகத்தில் கிடையாது. தைரியமாகச் சொல்வேன். அந்த மட்டமானவன் நான்தான்.

பிறவியிலேயே என் இதயத்தில் மின்சாரம் ஓட ஒரு பாதை கூடுதல். அதனால் சில நேரம் அது தறிகெட்டுத் துடிக்கும். ஒருநாள் ஆழ்வார்பேட்டை சிக்னலில், எட்டு வயது மகள் நித்யா பின்னால் உட்கார்ந்திருக்க, மயங்கி பைக்கோடு சாய்ந்தேன். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அதன்பின் என் பைக்கில் ஏற மறுத்துவிட்டாள். எனக்கு அதுதான் வலித்தது.

தொடை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, அந்தப் பாதையைச் சுட்டுவிடலாம் என்றார் டாக்டர். "அதுக்கு முன்னாடி அஞ்சு நாள், துடிப்பு அடங்கப் போடுற மாத்திரையத் தொடக்கூடாது. தொட்டா அந்தப் பாதை எங்க கண்ணுல படாம ஒளிஞ்சுக்கும்."

"அந்த மாத்திரைய விக்கிறதே நான்தான் டாக்டர்" என்று சிரித்தேன். என்ன திமிர்!

நான்காம் நாள் நெஞ்சு படபடத்தது. (மூன்று மாடி ஏறியிருந்தேன், வேறொன்றுமில்லை.) இந்த வீரன் தன் சாம்பிள் பையைத் திறந்து ஒன்றை விழுங்கினான். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் இன்னொன்று. "ஒரு மாத்திரை போதும் சார், அப்படியே கட்டிப் போட்டுடும்" என்று அடையாறு முழுக்க வாய் கிழிய விற்றவன், தன் உடம்பில் மட்டும் அது வேலை செய்யாது என்று மனதார நம்பினான்.

ஆபரேஷன் மேஜையில் இரண்டு மணி நேரம் கிடந்தேன். குழாயால் சீண்டினார்கள், மருந்து ஏற்றி உசுப்பினார்கள். என் இதயம் இன்ஸ்பெக்‌ஷன் நாள் வகுப்பு மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தது.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"என் பொண்ணு மேல சத்தியமா இல்ல டாக்டர்."

என் துணிகளை மடித்து வைத்த ஆயா செல்வியக்கா, கதவருகில் நின்று ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். "இவரு சட்டை பாக்கெட்டுல இந்த அட்ட கீது டாக்டரே. ரெண்டு காலி. இன்னா நைனா, இதுக்குப் போயி பொண்ணு மேல சத்தியம் பண்ணிக்கினு கீறியே!"

குழாய்களை உருவிவிட்டார்கள். டாக்டர் வேறு தேதி குறித்துக் கொடுத்தார். வெளியே காத்திருந்த மனைவிக்கும் மகளுக்கும் செல்வியக்கா முழுக்கதையையும் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம், மனைவி சாம்பிள் பையைப் பூட்டி வைத்த பிறகு, மறுபடி போனேன். இந்த முறை பாதை சீக்கிரமே கண்ணில் பட்டது, சுட்டுவிட்டார்கள். அதன்பின் ஒரு தொந்தரவும் இல்லை.

"இனிமே அப்பா விழவே மாட்டேன், சத்தியமா. ஏறு" என்றேன் நித்யாவிடம்.

அவள் அசையவில்லை. "செல்வியக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறட்டுமா?"

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால்கூட, அம்மாவும் மகளும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.