பாலேஸ்வரியின் இயற்கைப் பொலிவு

மனித குலத்துக்கு எங்கள் இனம் செய்த மாபெரும் தொண்டு, ஆளின் நிறத்தைக் கண்ணாலேயே எடைபோடும் அறிவியலாகும். வெள்ளை, சிவலை, பொதுநிறம், கறுவல் என்று போனில் படத்தை ஒருதரம் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். இந்த அறிவியலின் ரொறன்ரோக் கிளைக்கு என் தங்கச்சி பாலேஸ்வரி தலைவி. நான் ஆயுட்கால ஆலோசகர்.

அவளுடைய மகன் நிதுசன், மயூரியைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். மயூரி பார்மசிஸ்ட். குணத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஆகவே றிச்மண்ட் ஹில்லில் தங்கச்சி வீட்டில் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது.

"நல்ல பிள்ளைதான் அண்ணை. நிறம்தான் கொஞ்சம் குறைவு. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் சனம் என்ன சொல்லும்?"

"அவள் இல்லையெண்டால் எனக்குக் கலியாணமே வேண்டாம்," என்றான் நிதுசன்.

நேரில் பார்த்து முடிவெடுப்பதென்று தீர்மானம் நிறைவேறியது.

பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளையின் தாய் மினுங்க வேண்டாமா? பாலேஸ்வரி ஷொப்பிங் மோலுக்குப் போனாள். அங்கே ஸ்டெபனி என்ற விற்பனைப் பெண் ஒரு சின்னப் போத்தலை நீட்டினாள். கிறீமுக்குள் இரண்டொரு துளி விட்டு முகத்தில் பூசினால் 'இயற்கையான பொலிவு' வருமாம். விற்கிறவள் வெள்ளைக்காரி, விலையும் மிகக் கூட. அப்படியென்றால் வெள்ளையாக்காமல் வேறென்ன செய்யும்? இயற்கை கொஞ்சம் சுறுக்காக வரட்டும் என்று என் தங்கச்சி அரைப் போத்தலைப் பூசிக்கொண்டு படுத்தாள்.

விடிய எழும்பினால், முகம் பால் விடாத தேத்தண்ணி! கழுத்து மட்டும் பழையபடி. சவர்க்காரம், தேசிக்காய், கடலைமா ஒன்றுக்கும் அசையவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சரக்கு.

"ஐயோ அண்ணை, நான் வரேல்லை!"

"நீங்கள் வராட்டி நான் இனி இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டன்," என்றான் மகன்.

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

ஸ்காபரோவில் மயூரியின் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் அமர்ந்தோம். தேத்தண்ணி கொண்டுவந்த மயூரி, தலைப்பு விலகிய மாமியின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

"மாமி, உது வெள்ளைக்காரர் மண்ணிறமா வாறதுக்குப் பூசிறதெல்லோ? வெயில்ல கிடக்க நேரமில்லாத ஆக்கள் வாங்கிறவை."

"என்னது, காசு குடுத்தோ கறுக்கினம்? விசர்ச் சனம்!" என்று பூசிய முகத்தோடு பொரிந்தாள் பாலேஸ்வரி.

"பயப்பிடாதேங்கோ. ஒரு கிழமையில போயிடும்."

"ஐயோ, ஒரு கிழமையோ! இந்த நிறத்தோட நான் எப்பிடியடி பிள்ளை வெளியில போறது?"

மயூரி தேத்தண்ணியை அவளுக்கு முன்னால் வைத்தாள்.

"பஸ்ஸிலதான், மாமி. நான் ஒவ்வொரு நாளும் போறன்."

நிதுசன் எழுந்து மயூரிக்குப் பக்கத்தில் போய் நின்றான். பெண் பார்க்கப் போன மற்ற எல்லோரும், பெண்ணின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், தரைவிரிப்பின் நிறத்தை வெகு நுட்பமாக ஆராயத் தொடங்கினோம்.