ஜுனைதா பேக்ஸுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

சொந்த மனைவிக்கு வக்கீல் வைத்து நோட்டீஸ் அனுப்பிய ஆள் நான். எங்களுக்குள் சண்டையெல்லாம் கிடையாது. அன்று காலைகூட அவள் சுட்ட தோசையில் ஆறு தின்றுவிட்டுத்தான் அனுப்பினேன். அவளுக்குத்தான் அனுப்புகிறேன் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். (இதைத் தற்காப்பாகச் சொல்கிறேன். கேட்பவர்கள் இதற்குத்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.)

தாராவியில் எனக்கு ஒரு தோல்பை கார்கானா, சின்னப் பட்டறைதான். நாலு மெஷின், ஒரே ஒரு ஃபேன். இருபது வருடமாக நாங்கள் தைக்கும் பைகள் யார் யாருடைய பெயரையோ நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஏசி கடைகளுக்குப் போகும். ஒருமுறை அப்படியொரு கடையில் நான் தைத்த பையையே தொட்டுப் பார்த்தேன். செக்யூரிட்டி கை வைக்கக் கூடாது என்றான். அன்றே முடிவு செய்தேன், சாவதற்குள் சொந்தப் பெயரில் ஒரு பையாவது விற்க வேண்டும். மகள் பெயரையே வைத்து 'ஜுனைதா பேக்ஸ்' என்று போர்டு மாட்டினேன்.

வெப்சைட்டுக்குப் பெயர் வாங்கப் போனால் டாட் காம் ஏற்கெனவே போயிருந்தது. டாட் இன்தான் மிச்சம், அதை வாங்கினேன். அந்த டாட் காமைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் பெண்களுக்கான தோல்பைகள், அதே பெயரில். யாருடையது என்ற விவரம் மட்டும் இல்லை.

"எவனோ எம் மவ பேரத் திருடிட்டான்" என்று வீட்டில் குதித்தேன். மனைவி சபீனா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"பையெல்லாம் எப்படி இருக்கு மச்சான்?" (எங்கள் பக்கம் கணவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

"நல்லாத்தான் இருக்கு. அதான் எரியுது."

அவள் மறுபக்கம் திரும்பி நின்று மீனை அலசினாள்.

மாட்டுங்காவில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். "இந்தப் பேரு எத்தனை வருஷமா புழக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். "ஒம்பது வருஷமா சார்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். பெயரைப் பதினைந்து நாளில் ஒப்படைத்து மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று, டாட் காமில் இருந்த மெயிலுக்கு நோட்டீஸ் பறந்தது. 'எங்கள் கட்சிக்காரர்' என்று என்னைக் குறிப்பிட்டிருந்தார். அதை நாலு முறை படித்தேன்.

பத்து நாளில் வக்கீல் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு தடித்த கவர். நாலு வருடத்துப் பில்கள், கூரியர் ரசீதுகள், பைகளின் படங்கள்.

"எதிராளி சுனாபட்டி."

"நம்ம வீட்டு ஏரியாதான் சார். விட மாட்டேன்."

"உங்க பில்டிங்."

"ஒவ்வொருத்தன் மூஞ்சியும் தெரியும் எனக்கு."

"உங்க ஃப்ளாட் நம்பர்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சபீனாவின் கையெழுத்து. மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கும் அதே எழுத்து.

"பேரை யார் மொதல்ல யூஸ் பண்ணினாளோ அவா பக்கம்தான் பலம். உங்க போர்டு எப்ப மாட்டினேள்?"

"மூணு வாரம் இருக்கும் சார்."

"ஒன்பது வருஷம்னு சொன்னேளே?"

"அது பிள்ளை வயசு சார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கேஸ விட்டுட்டு ஆத்துக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. இந்த ஆலோசனைக்கு ஃபீஸ் வேண்டாம்."

நான் கார்கானாவில் தூக்கிப்போடச் சொன்ன துண்டுத் தோல்தான் அவளுடைய சரக்கு. நான் கிளம்பியதும் தைப்பாள், நான் திரும்புவதற்குள் பார்சல் போய்விடும். நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. (எனக்குத் தெரிந்ததெல்லாம் தோசை.)

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மொதல்ல ஒரு பர்ஸ் தச்சுக் காட்டுனேன். வெத்தல பாக்கு வைக்கலாம்னு சிரிச்சீங்க."

"அதுக்காக மவ பேரையா எடுப்ப?"

"உங்களுக்கு மட்டுமா மவ?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "மெயிலப் பாத்ததும் பயந்துட்டேன் மச்சான். எல்லாத்தையும் மூடிரலாம்னுதான் நெனச்சேன். உள்ள உங்க பேரு இருந்துச்சு. தைரியம் வந்துட்டு."

மன்னிப்புக் கேட்டேன். போர்டைக் கழற்றினேன், டாட் இன்னையும் அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்தேன். இன்று என் நாலு மெஷினும் ஜுனைதா பேக்ஸுக்குத்தான் ஓடுகின்றன. ஆண்டாப் ஹில்லில் இருக்கும் அவள் தம்பி வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தால், நான் பிரியாணியில் கை வைக்கும் முன் கேட்பான்: "இந்தத் தட்டு ஒம்பது வருஷமா உங்களுதா மச்சான்?" குழந்தைகள்கூடச் சிரிக்கும். என் மகள்தான் முதலில் சிரிப்பாள்.

போன மாதம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "உள்ள, லைனிங்குக்கு அடியில, சின்னதா எம் பேரையும் போடலாமா?"

சபீனா நான் தைத்த பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல தையல் நேரா வரட்டும்."