இளமதியின் நெற்றிச்சுட்டியும் முப்பத்தெட்டுப் புள்ளி ஒன்றும்

ரேஸ் கோர்ஸ் சாலையின் ரத்தினமே, பன்னிரண்டாம் மாடியின் அதிபதியே, ஒரு தோளில் தண்ணீர்ப் புட்டியும் மறு தோளில் பூனைப்படப் பள்ளிப்பையும் தரித்து மின்தூக்கியினின்று இறங்கிவரும் ரகுபதி மாவீரனே, உன் கீர்த்தியைப் பாடாமல் இந்த நாவுக்கு வேறென்ன வேலை!

அன்று பாலர் பள்ளியில் இன நல்லிணக்க நாள். ஒன்பது மணிக்கு மயிலாட்டம். மயில், ரகுபதியின் நான்கு வயது மகள், பிறைநுதற்செல்வி இளமதி. மூன்று வாரமாகச் சோபாவின்மேல் தோகை விரித்துப் பழகியவள் அவள். அந்த ஆட்டத்தை முதல் வரிசையில் அமர்ந்து காணவே கப்பல் பட்டறையில் போராடி விடுப்பு வாங்கி, உடம்பெல்லாம் வலித்தும் விடியலிலேயே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான் வீரன். பச்சைப் பட்டுப்பாவாடை சரசரக்க, உள்ளங்கை அகலச் சிவப்புக்கல் நெற்றிச்சுட்டி பளபளக்க, எட்டரை மணி வெயிலில் இருவரும் பள்ளி வாயிலை அடைந்தனர்.

ஆங்கே, நெற்றியைத் தொடாமலே காய்ச்சல் அளக்கும் வெள்ளைத் துப்பாக்கியை ஏந்தி, கோட்டைக் காவலெனக் கண்மணி டீச்சர் நின்றாள். குறிவைத்தாள். 'பீப்' என்றது. முப்பத்தெட்டுப் புள்ளி ஒன்று செல்சியஸ். முப்பத்தேழரையைத் தாண்டியவர் உள்ளே புகலாகாது என்பது பள்ளியின் சட்டம். மயிலின் கீழுதடு பிதுங்கியது.

"ஃபீவர் இருக்கு, இளமதி அப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வெகுண்டான் ரகுபதி. ஆயிரம் இரும்புத்தகடு தூக்கிய தன் வலக்கரத்தை மகளின் கன்னத்தில் பதித்து, அடுக்குமாடி புளோக்கே அதிர முழங்கினான்: "என் கை பொய் சொல்லாது டீச்சர். புள்ள ஜில்லுனு இருக்கு. உங்க மெஷின்தான் கெட்டுப்போச்சு லா."

முழங்கிய வேகத்தில் மயிலை வாரியெடுத்து, பக்கத்து மாமாக் கடை என்னும் மளிகைக் கடைக்குள் புயலெனப் புகுந்து, குளிர்பானப் பெட்டியின் கதவை அகலத் திறந்து, சோயா பாலுக்கும் மைலோவுக்கும் நடுவே அவள் திருமுகத்தை நிறுத்தி, தான் வெடவெடவென நடுங்கினும் பின்வாங்காது நின்றானே, அந்த நெஞ்சுரத்தை என்னென்பது. "வாங்குறீங்களா, இல்ல குடியிருக்கப் போறீங்களா?" என்று கடைக்கார ஜாஃபர் கேட்டதும் அவன் செவியில் ஏறவில்லை.

மீண்டும் பள்ளி வாயில், மீண்டும் பீப். முப்பத்து மூன்று புள்ளி நான்கு.

"இந்த ரீடிங்ல புள்ள நிக்கவே முடியாதே," என்றாள் டீச்சர்.

மணி எட்டு ஐம்பத்திரண்டு. உள்ளே பாட்டு ஒலிக்கத் தொடங்க, இளமதி அழுதேவிட்டாள். மனம் இளகிய டீச்சர் கண்ணீரைத் துடைக்கப்போய் நெற்றிச்சுட்டியைத் தொட்டாள்; கல் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. வெயிலில் சுட்டதும் அக்கல்லே, பெட்டியில் உறைந்ததும் அக்கல்லே. இவ்வளவு நேரமும் அளந்தது பிள்ளையை அல்ல. உடனே காதில் வைத்துப் பார்க்கும் கருவியை எடுத்து வந்தாள். முப்பத்தாறு புள்ளி ஏழு. திறந்தது கதவு, பறந்தது மயில்.

வெற்றிக்களிப்பில் நெஞ்சு நிமிர்த்தி, முதல் வரிசை நோக்கி வலக்காலை எடுத்து வைத்தான் வெஞ்சமர் வென்ற ரகுபதி.

"பேரண்ட்ஸுக்கும் செக் பண்ணணும்," என்று அதே கருவியை அவன் காதிலும் வைத்தாள் டீச்சர்.

முப்பத்தெட்டுப் புள்ளி ஒன்பது. அந்தக் கைக்கு அன்று எந்தப் பிள்ளையின் கன்னமும் ஜில்லென்றுதான் இருந்திருக்கும்.

ரகுபதி வீட்டுக்குப் போய், இரண்டு பனடோல் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு, டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மயிலாட்ட வீடியோவைப் படுத்தபடியே பார்த்தான்.